கறிக்கடைக்கு வந்த பள்ளிக்கூடம்

அன்று காலை அத்தா சட்டை போட்டிருந்தார்.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் தீவின் ரங்கத் கடைத்தெருவில் எங்கள் கறிக்கடையைப் பார்த்தவர்கள் கேட்கமாட்டார்கள். கட்டம் போட்ட கைலி, கையில்லாத பனியன், தோளில் ஒரு துண்டு. கடையில் அத்தாவுக்கு அதுதான் சீருடை. சட்டை என்பது பெருநாள் தொழுகைக்கும், கல்யாணத்துக்கும், போர்ட் பிளேயர் போகக் கப்பல் ஏறுவதற்கும் உரியது.

அன்றைக்குப் பெருநாளும் இல்லை, கப்பலும் இல்லை. வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பித்தான்வரை போட்டுக்கொண்டு, மூச்சுவிடச் சிரமப்பட்டபடி கடை வாசலில் நின்றார். பக்கத்தில் ஒரு கிடா. அதன் கழுத்தில் செம்பருத்தி மாலை. இருவரில் யாருக்கு அலங்காரம் அதிகம் என்று சொல்வது கஷ்டம்.

கடையைப் பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார். கறி வெட்டும் படாக் மரக்கட்டை, சுரண்டிச் சுரண்டி, சீர்வரிசையில் வைத்த முக்காலி போலச் சிவந்து பளபளத்தது. கொக்கிகளில் ஒன்றும் தொங்கவில்லை. கறிக்கடையில் ஆஸ்பத்திரி வாடை அடித்தது.

சாலைத் திருப்பத்தில் என் நாலாம் வகுப்பு வரிசையாக வந்துகொண்டிருந்தது. முன்னால் நான். பின்னால் தலைமை ஆசிரியர். அவருக்கும் பின்னால், யாரும் அழைக்காமலே, ஊரில் பாதி.

எனக்கு டீச்சர் வேலை கிடைத்த கதையைச் சென்ற வாரம் சொல்லியிருந்தேன். அந்த வேலையை வைத்துக்கொண்டு நான் முதலில் செய்த உருப்படியான காரியம், பிள்ளைகளை அத்தாவின் கடைக்கு அழைத்துப் போனது. அதற்கு ஊரைச் சம்மதிக்க வைத்தது நான் அல்ல. அந்தக் கிடாதான்.

அந்தப் பக்கம் பாருங்கள்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பேனா பிடித்தவள் நான். இதை நான் அடிக்கடி சொல்வேன். சொல்லக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை.

அத்தா ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கப்பலேறி வந்தது மரம் வெட்ட. காட்டில் யானை இழுக்கும் மரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். குடியேற்றக்காரர்கள் பெருகி, ரங்கத்தில் கடைத்தெரு என்று ஒன்று முளைத்தபோது, அதன் கடைசியில் ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கறிக்கடை வைத்தார். முன்னால் கடை, பின்னால் முற்றம், முற்றத்தைத் தாண்டி வீடு.

நான் சின்ன வகுப்பில் படித்தபோது ஒருநாள் எங்களை 'ஊர்த் தொழில்கள்' காட்ட அழைத்துப் போனார்கள். பேக்கரி அடுப்பைக் காட்டினார்கள். தபால்காரர் முத்திரை குத்திக் காட்டினார். இரும்புப் பட்டறையில் பொறி பறந்தது. பஸ் நிலையத்தில் ஒரு பஸ் கிளம்பிக் காட்டுவதாக இருந்தது, கிளம்பவில்லை. அதையும் பார்த்தோம்.

எங்கள் கடை நெருங்கியபோது வாத்தியார் வரிசையைச் சாலையின் மறுபக்கத்துக்குத் திருப்பினார். "எல்லாரும் அந்தப் பக்கம் பாருங்க, தையல் கடை," என்றார். முப்பது தலைகள் அந்தப் பக்கம் திரும்பின. என் தலை மட்டும் திரும்பவில்லை.

அத்தா வாசலில் நின்றிருந்தார். வரிசை தன் கடைக்கு வருகிறது என்று நினைத்து வெளியே வந்திருப்பார் போல. முகம் நிறையச் சிரிப்பு. கையில் இருந்த கத்தியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வரிசை போன பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

தையல் கடையில் அன்று நாங்கள் கற்றது, ஊசியில் நூல் கோக்கும்போது தையல்காரர் நாக்கை வெளியே நீட்டுவார் என்பது.

பள்ளிக்கூடம் எங்கள் கடைக்கு வந்ததே இல்லை என்று சொல்லிவிட முடியாது. காகிதமாக வந்துகொண்டுதான் இருந்தது. பரீட்சை முடிந்ததும் பழைய விடைத்தாள்கள் கடைத்தெருவுக்கு எடைக்கு வரும். ரங்கத்தின் கறி முழுவதும் கணக்கிலும் பூகோளத்திலும் கட்டப்பட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தது. அத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்ட தாள் வந்தால் ஒதுக்கி வைத்துவிடுவார். அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே அது போய்விட்டால் அடி விழும் என்பார். யாருடைய தாள் என்று அவருக்குத் தெரியாதே. அதனால் யாருக்குமே அதில் கட்டமாட்டார்.

இறைச்சி எங்கிருந்து வருகிறது

நான் டீச்சராகச் சேர்ந்த வருடம் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. பிள்ளைகள் உண்ணும் உணவு எங்கிருந்து வருகிறது என்பதை அவர்கள் நேரில் காண வேண்டும். நல்ல உத்தரவு. வயலுக்குப் போனோம், சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. தென்னந்தோப்புக்குப் போனோம். படகுத்துறைக்குப் போனோம், மீன் வந்தது.

பாடப்புத்தகத்தில் அதற்கான பாடம் இப்படி இருந்தது: அரிசி வயலிலிருந்து வருகிறது. பால் பசுவிலிருந்து வருகிறது. முட்டை கோழியிலிருந்து வருகிறது. இறைச்சி கடையிலிருந்து வருகிறது.

நான் வாசித்து முடித்ததும் செல்வராணி எழுந்தாள். பஸ் டிரைவரின் மகள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது அவளைக் கேள்வி கேட்பதிலிருந்து தடுக்கவில்லை.

"கடைக்கு எங்கேருந்து டீச்சர் வருது?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். புக்குக்குத் தெரியலையே, அதான் கேட்டேன்."

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எங்க வீட்டுக்குக் காட்டுலேருந்து வருது டீச்சர். மான். அப்பா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னிருக்காங்க," என்றான். எல்லாரிடமும் சொல்லி முடித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்தப் பிள்ளைகளில் கோழி உரிப்பதைப் பார்க்காதவர்கள் ஒருவரும் இல்லை. பாதிப் பேர் கால் பிடித்துக் கொடுத்தவர்கள். தெரியாதது பாடப்புத்தகத்துக்கு மட்டும்தான். அன்றே தலைமை ஆசிரியரிடம் போய், அடுத்த நேரடிப் பாடம் எங்கள் கறிக்கடையில் என்றேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு விஷயத்தைப் பார்க்க விரும்பாதபோது அவர் அப்படிச் செய்வார்.

பிஞ்சு மனசு

தலைமை ஆசிரியரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். டாக்டர் சொன்னதால் கறியை விட்டுவிட்டேன் என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு வாரமும் துணிப்பைக்குள் மூடிபோட்ட தூக்குவாளி ஒன்று எங்கள் முற்றத்துப் பின்வாசல் வழியே வரும். ஈரலோடு திரும்பிப் போகும். அத்தா அதை 'டாக்டர் பங்கு' என்பார். ஊருக்கே தெரியும். அவருக்கு மட்டும் ஊருக்குத் தெரியாது என்று நம்பிக்கை.

பெற்றோர் கூட்டம் கூடியது. வழக்கமாக நாற்காலிகள்தான் அதிகம் வரும். அன்று உட்கார இடம் இல்லை.

"ஜமீலா டீச்சர், உங்க ஆர்வம் புரியுது," என்று தலைமை ஆசிரியர் ஆரம்பித்தார். "ஆனா இது பிஞ்சு மனசு. ஒரு உயிர் போறதப் பார்த்தா அதுங்களுக்குத் தூக்கம் வருமா?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் நல்லாத்தான் தூங்குதுங்க சார்."

கான்ட்ராக்டர் பொன்னுசாமி எழுந்தார். சாலைக்கு ஜல்லி போடுகிறவர். பேச்சும் அப்படித்தான் கொட்டும். "எம் பொண்ணு பார்த்துட்டு இனிமே கறியே வேணாம்னுட்டா? நாளைக்குக் கட்டிக்குடுக்குற எடத்துல என்ன சொல்லுவாங்க?"

"மிச்சம்னு சொல்லுவாங்க," என்றது பின்வரிசை.

அடுத்து மண்டல் பாபு. குடியேற்றக்காரர்களின் பெரியவர். வங்காளத்திலிருந்து வந்து காட்டைத் திருத்தி வயலாக்கியவர். எங்கள் தீவின் பொது மொழியான இந்தியில் பேசினார். "மாஸ்டர்ஜி, என் பயம் வேற. என் பையன் பார்த்துட்டுப் பயப்படலைன்னா? ரத்தத்துக்கே பயப்படாதவன் அப்புறம் என் அதட்டலுக்கு எப்படிப் பயப்படுவான், போலோ, நீங்களே சொல்லுங்க?"

ஒருவருக்குப் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று பயம். மற்றவருக்குப் பயப்படாமல் இருந்துவிடுவார்கள் என்று பயம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். எதிரெதிர்க் காரணங்களுக்காக ஒரே பக்கம் நிற்பதில் உள்ள ஒற்றுமை வேறு எதிலும் கிடையாது.

அந்த அறையில் இருந்தவர்கள் அத்தனை பேருடைய வீட்டுப் பங்கும் எனக்குத் தெரியும். எலும்பு வேண்டியவர், கொழுப்பு வேண்டாதவர், தலைக்கறிக்குச் சண்டை போட்டவர். 'நான் சாப்பிடுகிறேன், என் பிள்ளையும் சாப்பிடுகிறது' என்று அன்று ஒருவரும் சொல்லவில்லை. கறி ஏதோ பக்கத்துத் தீவில் நடக்கும் விவகாரம் போலப் பேசினார்கள்.

கடைசியில் தலைமை ஆசிரியர், "மெயின்லேண்டுக்கு எழுதிக் கேட்போம்," என்றார். மெயின்லேண்டுக்கு எழுதிக் கேட்பது என்றால் எங்கள் தீவில் ஒரு விஷயத்தை நல்லடக்கம் செய்வது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "வரமாட்டாங்கம்மா. விடு," என்றார். தையல் கடை நாளன்று வரிசை போன பிறகு வாசலில் நின்றிருந்த அதே முகம். நான் விடுவதாக இல்லை.

கிடாவின் அரசியல்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் ஐஸும் கிடையாது, கரன்டும் கிடையாது. அறுத்த ஆடு மத்தியானத்துக்குள் விற்றாக வேண்டும். அதனால் எல்லாப் பங்குக்கும் ஆள் சொல்லிவைத்த பிறகுதான் அத்தா ஆட்டை முற்றத்துக்குக் கொண்டுவருவார். ஒரு பங்குக்கு ஆள் வராவிட்டாலும் ஆடு தழை தின்றுகொண்டு நிம்மதியாக நிற்கும். எத்தனையோ ஆடுகள் ஊராரின் கஞ்சத்தனத்தால் ஆயுள் நீண்டு வாழ்ந்திருக்கின்றன.

அந்த வருடம் மழை வலுத்தது. கடல் கொந்தளித்து, ஆடு ஏற்றிவரும் படகு வரவில்லை. உள்ளூர் ஆடுகளுக்கு மழைச்சீக்கு. கடையின் கொக்கிகள் வாரக்கணக்கில் காலியாகத் தொங்கின. ஊர் முழுக்க மீன் குழம்பு. மீனைப் பற்றி நல்லவிதமாகப் பேசக்கூடிய ஆள் ஒருவரும் மிஞ்சவில்லை.

அப்போதுதான் அத்தா எங்கோ உள்ளே, சேற்றில் முழங்கால்வரை நடந்துபோய், ஒரு கிடாவை ஓட்டிவந்தார். கறுப்பு உடம்பு, வெள்ளைக் காது, கொழுத்த தொடை. கடைத்தெரு வழியாக அது நடந்து வந்தபோது வெளியே வந்த கூட்டம், கலெக்டர் வந்தால்கூட வந்திருக்காது.

எப்போது, எப்போது என்று கேட்டார்கள். அத்தா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். அது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது, தலைமை ஆசிரியரின் தூக்குவாளி சாயங்காலம் பின்வாசலுக்கு வந்தபோது. இந்தமுறை அதோடு அவரும் வந்திருந்தார். நான் உள்ளே பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"பாய், கிடா நல்லா வாட்டசாட்டமா இருக்கே."

"இருக்கு சார்."

"எப்போ?"

"பள்ளிக்கூடம் வர்ற அன்னைக்கு."

"பள்ளிக்கூடம் எதுக்கு பாய் இங்க வருது?"

"அதத்தான் சார் நானும் இத்தனை வருஷமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

தூக்குவாளியின் மூடி ஒருமுறை சத்தமிட்டது. தலைமை ஆசிரியர் கிடாவைப் பார்த்தார். கிடா அவரைப் பார்த்தது.

அடுத்த கூட்டம் சீக்கிரமே கூடியது. பிஞ்சு மனசு இடையில் எப்படியோ காய்த்துப் பழுத்திருந்தது. "அனுபவக் கல்வி மாதிரி வருமா?" என்றார் பொன்னுசாமி. மண்டல் பாபு, ஆண்பிள்ளைகளுக்குத் தைரியம் வேண்டும் என்றார். மெயின்லேண்டுக்கு எழுதியது என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் மெயின்லேண்டை நம்பிக்கொண்டிருக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரே கோபப்பட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்த அத்தனை பேரும் நேராகப் போனது எங்கள் கடைக்கு, பங்கு சொல்ல.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். பிள்ளைகள் ஆட்டைப் பார்க்கலாம். பிறகு கறியைப் பார்க்கலாம். நடுவில் நடப்பதைப் பார்க்கக்கூடாது. முற்றத்தின் குறுக்கே தார்ப்பாய் கட்ட வேண்டும். தார்ப்பாயைப் பொன்னுசாமி இலவசமாகத் தருவார்.

"நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா?" என்றேன்.

"போர்டுல எழுதிப் போட்டுடுங்க," என்றார் தலைமை ஆசிரியர்.

என் படிப்பின் காரணம்

முந்தின நாள் சாப்பாட்டின்போது அத்தா கேட்டார். "பிள்ளைங்கள யாரு கூட்டிக்கிட்டு வருவா?"

"நான்தான். வேற யாரு?"

அத்தாவின் கை தட்டில் நின்றது. "வேற டீச்சர் இல்லையா?"

"என் கிளாஸ் அத்தா."

அவர் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். எனக்குப் புரியவில்லை. கடைக்குப் பள்ளிக்கூடம் வருவதற்காகக் கிடாவைக் கட்டிவைத்து ஊரையே மிரட்டியவருக்கு, அதை நான் அழைத்துவருவது பிடிக்கவில்லையா?

அம்மா சிரித்தாள். "நீ எப்பவாச்சும் பாத்திருக்கியாடி, அத்தா ஆடு அறுக்குறத?"

யோசித்துப் பார்த்தேன். கறிக்கடைக்காரர் மகள். முற்றத்துக்கு அந்தப் பக்கம் என் படுக்கை. ஊரில் எல்லாரும் பார்க்க வேண்டும் என்று வாதாடியவள். நான் பார்த்ததே இல்லை.

"உனக்கு அஞ்சு வயசிருக்கும். ஒரு ஆட்டுக்குட்டியப் புடிச்சு முத்தத்துக்குக் கொண்டாந்தாங்க. நீ அதோட வெளயாடினவ. கயித்தப் புடிச்சுக்கிட்டு விடல. அழுது காய்ச்சல் கண்டுருச்சு. ஒங்க அத்தா அன்னைக்குக் கத்தியத் தொடல. மறுநாளே தூக்கிக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல சேத்துட்டாரு. காலையில நீ முத்தத்துல இருக்கக்கூடாது, அவ்வளவுதான்."

"ஞாயித்துக்கிழமை?"

"ஓதுற பள்ளி எதுக்கு இருக்கு?"

"லீவுல?"

"வருஷா வருஷம் பெரியம்மா வீட்டுக்கு மாயாபந்தருக்கு ஏன் அனுப்புனோம்? பெரியம்மா சமையலுக்கா?"

அப்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. எந்த ஊரிலும் கறிக்கடை விடிவதற்கு முன்பே திறந்துவிடும். ரங்கத்தில் மட்டும் பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் திறக்கும். சோம்பேறி பாய் என்று ஊர் முணுமுணுக்கும். அத்தா ஒருநாளும் காரணம் சொன்னதில்லை. நான் போர்ட் பிளேயர் ஹாஸ்டலில் இருந்த வருடங்களில்கூட அந்த நேரத்தை அவர் மாற்றவில்லையாம். பழகிப்போச்சு என்பாராம்.

பெண்கல்வியின் அருமையை அன்றே உணர்ந்த தீர்க்கதரிசி என்று அத்தாவைப் பற்றி நான் பேசாத மேடை இல்லை. கட்டுரைப் போட்டியில் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். அவர் உணர்ந்தது வேறு. பிள்ளை அழக்கூடாது. காலை நேரத்தில் பிள்ளைகளை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்ளும் இடம் ஊரில் அது ஒன்றுதான். அங்கே எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள் என்பது உபரி லாபம்.

குடும்பத்தில் முதன்முதலில் பேனா பிடித்தவள் என்ற என் கர்வத்துக்கு அஸ்திவாரம் ஒரு ஆட்டுக்குட்டி.

தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம்

இப்போது திரும்பவும் அந்தக் காலை. சட்டை போட்ட அத்தா, மாலை போட்ட கிடா, வரிசையில் வந்து நின்ற பிள்ளைகள்.

அத்தா ஒரு சொற்பொழிவு தயாரித்திருந்தார். சில நாட்களாகக் குளிக்கும்போது அதைப் பேசிப் பார்ப்பது எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பிள்ளைகளைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. தொண்டையைச் செருமினார். கிடாவைக் காட்டினார்.

"இது ஆடு," என்றார்.

"தெரியும் பாய்," என்றது நாலாம் வகுப்பு, ஒரே குரலில்.

அதோடு சொற்பொழிவு முடிந்தது. அத்தாவும் சிரித்துவிட்டார். கழுத்துப் பித்தானைக் கழற்றினார். எங்களை முற்றத்துக்கு அழைத்துப் போய், ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து, யார் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார். செல்வராணி ஏற்கெனவே முன்னால் வந்து நின்றிருந்தாள்.

கிடா குடித்தது. அதன் உதடுகள் தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்கும் அளவுக்கு முற்றம் அமைதியாக இருந்தது.

"எதுக்கு பாய் தண்ணி?"

"தாகத்தோட அனுப்பக்கூடாது தாயி."

"கத்தி எங்க?"

"உள்ள இருக்கு. அது கண்ணு முன்னாடி கத்தியக் காட்டக்கூடாது. தீட்டவும் கூடாது."

"காட்டலைன்னா அதுக்குத் தெரியாதா?"

அத்தா கிடாவின் காதைத் தடவினார். "எனக்குச் சொல்லத் தெரியல தாயி," என்றார்.

தலைமை ஆசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பாடம் போதும். பிள்ளைங்க எல்லாம் இந்தப் பக்கம் உட்காருங்க. யாரும் எழுந்திருக்கக் கூடாது," என்றார். பிறகு மேற்பார்வை செய்வதற்காக என்று சொல்லிக்கொண்டு தார்ப்பாயின் அந்தப் பக்கம் போனார். பொன்னுசாமி போனார். மண்டல் பாபு போனார். பார்க்கக்கூடாது என்று கூட்டத்தில் கையைத் தூக்கிய அத்தனை பேரும் போனார்கள்.

அத்தா என்னிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஐந்து வயதிலிருந்து ஒவ்வொரு காலையும் கேட்ட அதே வார்த்தைகள்.

"நேரமாச்சு. நீ பள்ளிக்கூடத்துக்குப் போம்மா."

"பள்ளிக்கூடம் இங்கதான அத்தா இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தார். பனியனோடு கிடாவை அழைத்துக்கொண்டு போனார். சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

பார்த்தேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. பிஸ்மி சொல்லும்போது அவர் குரல் வீட்டில் பேசும் குரல் அல்ல, மெல்லியது. இடது கையால் கிடாவின் கண்ணை மூடியிருந்தார். மண் சூடாக இருந்தது போல ஓர் ஆவி எழுந்தது. கால்கள் உதைத்தன, பிறகு உதைக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது அந்தக் கை மட்டும்தான். அதை முன்பே எங்கேயோ பார்த்தது போல இருந்தது. என் கண்ணுக்கு மேல் பதினைந்து வருடத்துக்கு மேலாக இருந்த கை. இருந்ததே தெரியாமல் இருந்த கை.

அத்தா முதலில் பார்த்தது கிடாவை அல்ல, என்னை. நான் அழவில்லை. காய்ச்சலும் வரவில்லை. சட்டைதான் கசங்கிப்போயிருந்தது.

தலையைத் திருப்பியபோதுதான் எங்கள் மேற்பார்வையாளர்களைக் கவனித்தேன். தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பொன்னுசாமி ஆகாயத்தில் மழை வருமா என்று ஆராய்ந்தார். மண்டல் பாபு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்பார்வை என்றால் மேலே பார்ப்பது, கீழே பார்ப்பது, துடைப்பது. நேராகப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாம்.

அப்போது தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், முடிஞ்சுதா?"

கீழே பார்த்தேன். தார்ப்பாயைக் கட்டியவர்கள் பெரியவர்கள். தங்கள் கண் உயரத்துக்கு நன்றாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். கீழே முழங்கால் உயரத்துக்குத் திறந்து கிடந்தது. ஆட்டைத் தரையில் படுக்க வைத்துத்தான் அறுப்பார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் எழுந்திருக்கக்கூடாது என்ற உத்தரவுக்கு அப்படியே கீழ்ப்படிந்து, வரிசையாகக் குப்புறப் படுத்து, கன்னத்துக்குக் கை கொடுத்து, ஒன்றையும் விடாமல் பார்த்திருந்தார்கள்.

யாரும் அழவில்லை என்று சொன்னால் பொய். கடைசி பெஞ்சு மான்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவனைக் கேலி செய்யவில்லை. பிள்ளைகள் பார்த்தது தலைமை ஆசிரியருக்கு மட்டும் இன்றுவரை தெரியாது. பிள்ளைகளின் கண்ணில் படாமல் பாடம் இனிதே நடந்தேறியது என்று அவர் மேலிடத்துக்கு எழுதினார்.

பிறகு பங்கு வாங்கக் கூட்டம் முண்டியது. தலைமை ஆசிரியர் தூக்குவாளியை நீட்டினார், பட்டப்பகலில், முன்வாசலில். அது ஒன்றுதான் அன்றைய பாடத்தால் அவரிடம் ஏற்பட்ட முன்னேற்றம். "கொஞ்சம் சின்னதா வெட்டுங்க பாய். பார்த்தா என்னன்னு தெரியாத மாதிரி," என்றார்.

மறுநாள்

வகுப்பில் அந்தப் பாடத்தை மறுபடி எடுத்தோம். கரும்பலகையில் எழுத என்னைவிடப் பிள்ளைகளே அவசரப்பட்டார்கள். இறைச்சி கடையிலிருந்து வருகிறது என்ற வரியை அழித்துவிட்டு, செல்வராணி எக்கி நின்று எழுதினாள்: 'இறைச்சி ஆட்டிலிருந்து வருகிறது. அதற்குத் தண்ணீர் கொடுத்தேன்.' இரண்டாவது வரி பாடத்திட்டத்தில் இல்லை. நான் அழிக்கவில்லை.

வீட்டில் எங்கள் பங்கை அம்மா மிளகு போட்டு வறுத்திருந்தாள். சாப்பிட்டேனா என்று கேட்பீர்கள். சாப்பிட்டேன். வழக்கத்தைவிட மெதுவாக. அத்தா என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாவது முறை போடச் சொன்ன பிறகுதான் அவர் சாப்பிட ஆரம்பித்தார்.

கடல் அடங்கிப் படகு வந்தது. ஆடுகளும் வந்தன. ஒருநாள் காலை, நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, முற்றத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டது. இன்னும் மணி அடிக்கவில்லை. வெயில்கூட ஏறவில்லை.

கடை திறந்திருந்தது. வாசலில் அதற்குள் நாலைந்து பேர் நின்றார்கள். "பாய்க்கு இப்பதான் சுறுசுறுப்பு வந்திருக்கு. பள்ளிக்கூடம் வந்துட்டுப் போன ராசி," என்றார் ஒருவர்.

நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கடை வழியாகவே நடந்தேன். அத்தா பனியனோடு வாசலில் நின்றிருந்தார்.

"சாப்டியா?"

"சாப்ட்டேன் அத்தா."

அவர் கையில் கத்தி இருந்தது. மறைக்கவில்லை.